குழாய்ப் பற்றவைப்பில் முதல் ஓட்டம்

நம் சங்கத்து மலரில் இலக்கியக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. பொறியியல் பயிலும் நாங்கள்தாம் எழுதாமல் தட்டிக் கழித்து வருகிறோம். அக்குறையைச் சிறிது போக்கலாம் என்று எண்ணி, இரண்டு குழாய்களை முனையோடு முனை சேர்த்துப் பற்றவைக்கும் வேலையைப் பற்றி எழுத முற்படுகிறேன். நான் இதில் கைதேர்ந்தவன் அல்லேன். நான் பற்றவைத்த இணைப்பு ஒன்றைச் சென்ற கோடையில் வாளால் அறுத்து என் கையிலேயே கொடுத்தார்கள். அதன்பின் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில், சூடான நீரை அழுத்தத்தோடு சுற்றிவரச் செய்யும் குழாய்ச் சுற்று ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது. இரண்டு அங்குலக் குழாய், பதினான்கு இணைப்புகள். வெளியில் கொடுத்துச் செய்யப் பணம் போதவில்லை. பட்டறையில் கருவி இருந்தது, ஆள் இல்லை. என் அறைத் தோழனின் ஆய்வேடு முழுவதும் அந்தச் சுற்றில் எடுக்கப்போகும் அளவுகளையே நம்பி நின்றது. ஆறு மாதமாகப் பட்டறையில் பழகி வந்த நான், “நானே பற்றவைக்கிறேன்” என்று முன்வந்தேன். பேராசிரியர் ஒரு நிபந்தனை விதித்தார். சாதாரண எஃகுக் குழாயில் மாதிரி இணைப்பு ஒன்று செய்து, அதை ஊடுகதிர்ப் படம் எடுத்துக் காட்டவேண்டும். படம் தேறினால்தான் ஆய்வுக்கூடக் குழாயைத் தொடலாம் என்றார்.

செய்தேன். வெளிப்புறம் மீன் செதில் அடுக்கினாற் போல் அழகாக அமைந்தது. விடுதித் தோழர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு பாராட்டினார்கள். ஊடுகதிர்ப் படமோ இணைப்பின் நடுவே நூல் பிடித்தது போன்ற நேரான கருங்கோடு ஒன்றைக் காட்டியது. அறுத்துப் பார்த்தோம். உட்புறத்தில் சுமார் 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு இரு குழாய்களின் விளிம்பும் சேரவே இல்லை. நான் அரத்தால் தேய்த்த கீறல்கள்கூட உருகாமல் அப்படியே இருந்தன!

பன்னிரண்டு மில்லிமீட்டர்தானே என்று கேட்கலாம். அழுத்தமும் வெப்பமும் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கூரிய இடுக்கின் நுனியில்தான் இழுவிசை குவிகிறது. விரிசல் அங்கிருந்தே புறப்படும். மேலே எத்தனை அடுக்கு உலோகம் ஏற்றினாலும் அந்த நுனி உள்ளே இருந்துகொண்டே இருக்கும். இரண்டு அங்குலக் குழாய்க்குள் கை நுழையாது. உட்புறத்தில் தேய்க்கவும் வழியில்லை, மீண்டும் பற்றவைக்கவும் வழியில்லை. ஆகவே வெளியே நின்றுகொண்டு, பார்க்க முடியாத உட்புறத்தை ஒரே முயற்சியில் உருவாக்க வேண்டியிருக்கிறது. இந்த முதல் அடுக்கைத்தான் பட்டறையில் ‘ரூட்’ என்கிறார்கள். வேர் என்று நாமும் சொல்லலாம். வேரைப் போலவே இதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே இடையில் வைக்கும் பற்றாசு மட்டும் உருகும். நகை உருகாது, உருகவும் கூடாது. பற்றவைப்பில் அப்படியன்று. இரு குழாய்களின் விளிம்புகளும் தாமே உருகி, ஊட்டும் கம்பியோடு கலந்து, ஒரே உலோகமாய் உறையவேண்டும். விளிம்பு உருகவில்லையேல் மேலே பூசியது வெறும் பூச்சுதான்.

வேர் ஓட்டத்துக்கு உலகெங்கும் பெரிதும் கையாளப்படுவது ‘டிக்’ முறை. நம் நாட்டுப் பட்டறைகளில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்றால்தான் எளிதில் புரியும். டங்ஸ்டன் கம்பியின் கூர்முனைக்கும் குழாய்க்கும் இடையே மின்வில் எரிகிறது. டங்ஸ்டன் 3,422 பாகை செல்சியஸில் தான் உருகும்; ஆகையால் அது எஃகை உருக்கிவிட்டுத் தான் உருகாமல் நிற்கிறது. அதைச் சுற்றி ஒரு பீங்கான் கப்பின் வழியே ஆர்கான் வாயு வந்து, காற்று அண்டாமல் காக்கிறது. 1894இல் ரேலேயும் ராம்சேயும் கண்டுபிடித்த இவ்வாயு எதனோடும் சேராது வாளா இருப்பதால், கிரேக்கத்தில் ‘சோம்பல்’ என்னும் பொருள்படும் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். நாம் மூச்சுவிடும் காற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு இச்சோம்பேறிதான். முதன்முதலில் இம்முறைக்குத் துணை செய்தது ஆர்கான் அன்று, ஹீலியம். அமெரிக்க நார்த்ராப் விமானத் தொழிற்சாலையில் மக்னீசிய உலோகத்தைப் பற்றவைப்பதற்காக ரஸ்ஸல் மெரிடித் 1941இல் இதைச் சீர்ப்படுத்தி, அடுத்த ஆண்டு காப்புரிமை பெற்றார்.

குழாய் வேருக்கு இம்முறை ஏன் ஏற்றது? சாதாரணக் குச்சி வெல்டிங்கில் வெப்பமும் உலோகமும் ஒரே குச்சியிலிருந்து சேர்ந்தே வருகின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும். டிக் முறையில் வலக்கை வெப்பத்தை ஆள்கிறது; இடக்கை கம்பியை ஊட்டுகிறது. விளிம்பு உருகும் வரை கம்பி கொடுக்காமல் காத்திருக்கலாம். உருகியதும் வேண்டிய அளவு மட்டும் கொடுக்கலாம். இந்தக் காத்திருப்பைத்தான் நான் கற்றிருக்கவில்லை.

எனக்குக் கற்பித்தவர் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் தந்தையார். திருவெறும்பூரில் கொதிகலன் குழாய்களைப் பற்றவைத்தே ஓய்வு பெற்றவர். மகனைப் பார்க்கப் பத்து நாள் வந்திருந்தார். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். அறுத்த துண்டை அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உட்புறத்தை மட்டும் பார்த்தார்; என் மீன் செதிலை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

“தம்பி, இது நீ நெருப்பு வச்சப்புறம் கெட்டது இல்லே. அதுக்கு முன்னாலேயே கெட்டுப்போச்சு” என்றார்.

அன்று மாலையே பட்டறைக்கு வந்துவிட்டார். முதலில் அங்கே ஓடிக்கொண்டிருந்த கூலரை நிறுத்தச் சொன்னார். மே மாதத்து வடநாட்டு வெயிலில் எல்லோரும் முகம் சுளித்தோம். அந்தக் காற்று கப்பிலிருந்து வரும் ஆர்கானை அடித்துக்கொண்டு போய்விடும், உலோகத்தில் ஊசித்துளைகள் விழும் என்பதை அவர் சொன்னபின்தான் உணர்ந்தோம். பிறகு இரண்டு மணி நேரம் மின்வில்லைத் தொடவே விடவில்லை.

குழாயின் முனைகளை முப்பத்தேழரைப் பாகை சாய்வாகச் சீவிக்கொள்வது வழக்கம். இரண்டும் எதிரெதிரே நிற்கும்போது எழுபத்தைந்து பாகைப் பள்ளம் கிடைக்கும். சீவிய நுனி கத்தி போல் இருந்தால் உருகி ஓடிவிடும். ஆகையால் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு நுனியை மழுக்கி வைக்கிறோம். நான் இரண்டரை மில்லிமீட்டர் விட்டிருந்தேன். அடுத்து, இரண்டு முனைகளுக்கும் நடுவில் விடும் இடைவெளி. என் கம்பியின் தடிப்பு 2.4 மில்லிமீட்டர். இடைவெளியோ இரண்டுதான் இருந்தது. கம்பியே நுழையாத இடத்தில் உலோகம் எப்படி உட்புறம் போய்ச் சேரும்? பெரியவர் 3.2 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து இடையில் வைத்து அளவு பிடிக்கச் சொன்னார். டேக் அடித்துக் குளிரும்போது உலோகம் சுருங்கி இடைவெளி குறையும். அதற்கும் சேர்த்துத் தொடக்கத்திலேயே சற்றுத் தாராளமாக விடவேண்டும்.

இரு குழாய்களின் உட்சுவர்களும் ஒரே மட்டத்தில் நிற்பது இன்னொரு முக்கியம். ஒன்று தூக்கி ஒன்று தாழ்ந்திருந்தால், எட்டத்தில் உள்ள விளிம்பு உருகாமல் தப்பிவிடும். கண்ணால் பார்த்தால் போதாது. விரல் நகத்தை உள்ளே விட்டு வளைய ஓட்டிப் பார்க்கவேண்டும். நகம் தட்டினால் கட்டைப் பிரித்து மீண்டும் பொருத்தவேண்டியதுதான். துருவும் எண்ணெயும் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் ஓர் அங்குலத்துக்குத் தேய்த்துத் துடைக்கப்பட வேண்டும். ஊட்டும் கம்பியையும் துடைக்கவேண்டும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

டங்ஸ்டன் முனையை நான் பென்சில் சீவுவது போல் கல்லில் சுழற்றித் தீட்டிவந்தேன். அது தவறாம். தீட்டிய கோடுகள் கம்பியின் நீளவாட்டில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் மின்வில் ஓரிடத்தில் நில்லாமல் அலையும். முனை உருகு குட்டையில் ஒரு முறை பட்டுவிட்டாலும் நிறுத்திவிட்டு மறுபடி தீட்டவேண்டும். தோரியம் கலந்த டங்ஸ்டனாக இருந்தால் அதன் தூசி கதிரியக்கம் உடையது. மூச்சில் போகக் கூடாது. இப்போது சீரியம், லாந்தனம் கலந்தவை கிடைப்பதால் அவற்றையே வாங்குவது நன்று.

இனி, என் கருங்கோட்டுக்கு நேர்க் காரணமான டேக்குக்கு வருகிறேன். குழாய் நகராதிருக்க நான்கு இடங்களில் சிறிது சிறிதாகப் பற்றவைத்துக் கொள்வதே டேக். இவை வேரின் பகுதியாகவே பின்னர் நின்றுவிடுவதால், இவையும் அடிவரை உருகியிருக்கவேண்டும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு டேக்கின் இரு நுனிகளையும் கிரைண்டரால் ஆப்பு முனை போல் மெலியச் சீவுவது. சீவாமல் விட்டால் ஓட்டம் அந்தத் தடித்த நுனியில் முட்டும்போது வெப்பம் அடிக்கு எட்டாது. மேலே உருகிக் கலந்துவிட்டது போல் தோன்றும், கீழே விளிம்புகள் குளிர்ந்தே கிடக்கும். எனக்கு நேர்ந்தது இதுதான். ஐந்து நிமிடக் கிரைண்டர் வேலையைச் சோம்பி விட்டதால் மூன்று வாரம் போயிற்று. ஆர்கான் சோம்பலாயிருக்கலாம், நான் இருந்திருக்கக் கூடாது.

ஒருவழியாக மின்வில்லை ஏற்ற அனுமதி கிடைத்தது. மின்னோட்டம் தொண்ணூறு ஆம்பியர் அளவில் வைத்தோம்; டங்ஸ்டன் எதிர்முனை. வாயு நிமிடத்துக்குப் பத்து லிட்டர். குழாய் கிடையாக, அசையாமல் நிற்கிறது. அதன் வட்டத்தைக் கடிகார முகமாகக் கொண்டு பேசுவது வெல்டர்களின் வழக்கம். ஆறு மணி என்றால் அடிப்பக்கம், பன்னிரண்டு என்றால் உச்சி. ஆறில் தொடங்கி ஒரு புறமாகப் பன்னிரண்டுக்கு ஏறி, மீண்டும் ஆறிலிருந்து மறுபுறமாக ஏறவேண்டும்.

நான் வழக்கம்போல் ஒளிரும் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் தோளைத் தட்டி, “கண்ணை நெருப்பிலே வைக்காதே தம்பி. ஓட்டையிலே வை. செத்த நேரம் கம்பியே குடுக்காம சும்மா பாரு” என்றார். பார்த்தேன். குட்டைக்கு முன்னால், இரு விளிம்புகளும் சம அளவில் உருகிப் பின்வாங்க, சாவித் துவாரம் போன்ற சிறு துளை ஒன்று திறந்தது. இதையே ‘கீ-ஹோல்’ என்கிறார்கள். புத்தகத்தில் படமாக நூறு முறை பார்த்திருந்தேன்; கறுப்புக் கண்ணாடி வழியே அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

அந்தத் துளைதான் உட்புறத்துக்குச் சாட்சி. துளை திறந்திருந்தால் இரு விளிம்புகளும் அடிவரை உருகியிருக்கின்றன. அப்போது அதன் முன் ஓரத்தில் கம்பியைத் தொட்டால் உலோகம் தானே இரு பக்கமும் பரவி உள்ளே எட்டிப் பார்க்கும். துளை மூடிக்கொண்டு வெறும் குட்டை மட்டும் நகர்ந்தால், கம்பியை நிறுத்திக் காத்திருக்கவேண்டும். காத்தும் திறக்காவிட்டால் ஓட்டத்தையே நிறுத்திக் கிரைண்டரை எடுக்கவேண்டும். துளை கம்பியின் தடிப்பைவிட மிகவும் அகன்றால் வெப்பம் மிகுந்துவிட்டது என்று பொருள். கம்பியை உடனே கொடுத்துக் குட்டையைக் குளிரச் செய்யலாம், டார்ச்சைச் சிறிது விரைவாக நகர்த்தலாம். ஒரு புறம் மட்டும் அகன்றால் டார்ச் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இவ்வளவையும் கை தானே செய்யும் அளவுக்குப் பழக, எனக்கு நாற்பது மாதிரித் துண்டுகள் ஆயின.

கடிகாரத்தின் ஒவ்வொரு மணியிலும் உலோகத்தின் குணம் மாறுகிறது. ஆறு மணியில் நாம் கீழிருந்து மேல் நோக்கிப் பற்றவைக்கிறோம். உருகிய உலோகம் புவியீர்ப்பால் நம்மை நோக்கித் தொங்கப் பார்க்கிறது. அதனால் உட்புறம் பள்ளம் விழும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதைத் தடுக்க, அங்கே மட்டும் கம்பியை இடைவெளிக்குள் சற்று உந்திக் கொடுக்கவேண்டும்; மின்வில்லையும் மிகக் குட்டையாக வைக்கவேண்டும். மூன்று மணிப் பக்கம் ஏறும்போது, முன்பு உறைந்த உலோகமே படிக்கட்டு போல் குட்டையைத் தாங்கும், அங்கே துன்பமில்லை. பன்னிரண்டை நெருங்கும்போது கதை தலைகீழ். இப்போது உலோகம் உட்புறமாக விழப் பார்க்கும். குழாயும் அதற்குள் நன்றாகச் சூடேறியிருக்கும். ஆறு மணிக்கு உந்தியது போல் இங்கும் உந்தினால் உள்ளே சொட்டு சொட்டாய்த் தொங்கிக் குழாயையே அடைக்கும். ஒரே இணைப்பில், பத்து அங்குலத்துக்கும் குறைந்த தூரத்தில், கை இரண்டு விதமாகப் பேசவேண்டியிருக்கிறது! குழாயை நாற்பத்தைந்து பாகை சாய்த்து நிறுத்தி வெல்டர்களுக்குத் தேர்வு வைப்பதும் இது பற்றியே.

நிறுத்தும் இடத்திலும் ஒரு நுட்பம் உண்டு. துளையின் மேலேயே மின்வில்லைச் சட்டென்று அணைத்தால், குட்டை சுருங்கி நடுவில் குழியும் நுண்விரிசலும் ஏற்படும். மெல்லப் பள்ளத்தின் பக்கச் சுவர் மேல் ஏற்றி அணைக்கவேண்டும். அணைத்த பின்னும் டார்ச்சை அசைக்காமல் சில நொடி பிடித்திருந்தால் ஆர்கான் தொடர்ந்து வந்து சிவந்த உலோகத்தைக் காக்கும். இடக்கையிலுள்ள கம்பி நுனியும் அந்த வாயுவுக்குள்ளேயே இருக்கவேண்டும். வெளியே இழுத்துக் கறுத்துப்போனால் அந்த நுனியை வெட்டி எறியவேண்டும். மறுபடி தொடங்குமுன் நிறுத்திய இடத்தையும் டேக்கைப் போலவே சீவிக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது மாதிரியின் படம் சுத்தமாக வந்தது. அதற்குமேல் ஆய்வுக்கூடக் குழாய். அதுவோ துருவேறா எஃகு. வீட்டில் எவர்சில்வர் என்கிறோமே, அந்த இனம். சாதாரண எஃகில் வெளியே ஆர்கான் போதும். எவர்சில்வரில் உள்ள குரோமியம், சூட்டில் பிராணவாயுவைக் கண்டால் விடாது. உட்புறம் காற்று இருந்தால் வேர் கருகி, பாகு முறிந்த சர்க்கரை போல் பொரிந்துவிடும். துருவேறாத் தன்மையும் போய்விடும். ஆகையால் குழாய்க்குள்ளும் ஆர்கானை நிரப்பவேண்டும். இதற்குப் ‘பர்ஜிங்’ என்று பெயர். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. எனவே அதைத் தாழ்ந்த பக்கமாக விட்டு, காற்றை உயர்ந்த பக்கமாக வெளியேற்றவேண்டும். கணக்கும் எளிது. எங்கள் குழாயின் உள்விட்டம் 52.5 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்குக் கொள்ளளவு இரண்டு லிட்டரைச் சிறிது தாண்டும். பத்து மடங்கு வாயு ஓடினால் காற்று போயிருக்கும் என்று கொண்டால், நிமிடத்துக்கு எட்டு லிட்டர் வீதம் மூன்று நிமிடம் போதும். இணைப்பின் இடைவெளியை நாடாவால் ஒட்டிவைத்து, பற்றவைக்கப் பற்றவைக்கச் சிறிது சிறிதாக உரித்துக்கொண்டு போகவேண்டும்.

இங்கே எனக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. மூன்றாவது இணைப்பில் கடைசி அரை அங்குலத்தை மூடும்போது, உருகிய உலோகம் என் முகமூடியை நோக்கிக் கொப்புளித்து வெளியே வந்தது. உள்ளே சென்ற வாயு வெளியேறும் வழியை நான் மிகச் சிறிதாக வைத்திருந்தேன். கடைசித் துளை வழியே அது பீறிட்டுவிட்டது. மூடும் தறுவாயில் வாயுவைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கவேண்டும். ஆனால் அடியோடு நிறுத்தக் கூடாது. வேர் மெல்லியது, அடுத்த அடுக்கு ஏற்றும்போது மீண்டும் சிவக்கும், அப்போதும் உள்ளே ஆர்கான் இருக்கவேண்டும். ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குழியிலும் தொட்டியிலும் தேங்கினால் மனிதன் அறியாமலே மயங்கி விழுந்து உயிர்விட நேரும். பர்ஜிங் செய்த இடத்தில் கதவைத் திறந்துவிட்டுத்தான் குனியவேண்டும்.

பதினான்கு இணைப்புகளையும் படம் எடுத்தார்கள். ஒன்றில் மட்டும் வெள்ளைப் புள்ளி ஒன்று விழுந்திருந்தது. எஃகைவிட அடர்ந்த டங்ஸ்டன் கதிரை மறைப்பதால் வெள்ளையாகத் தெரியும். குறையும் வெற்றிடமும் கறுப்பாகத் தெரியும். முனை குட்டையில் பட்டதை நான் அப்போதே அறிவேன். யாரும் பார்க்கவில்லை என்று தொடர்ந்துவிட்டேன். அந்த இணைப்பை அறுத்து மறுபடி செய்தேன். இன்று என் அறைத் தோழன் அந்தச் சுற்றின் முன்னால் அமர்ந்து அளவு குறித்துக்கொண்டிருக்கிறான். பெரியவர் ஊருக்குத் திரும்புமுன் சுற்று முழுவதையும் ஒரு முறை பார்த்துவிட்டு, “ஒன்பதாவது ஜாயின்ட் பரவாயில்லே” என்று மட்டும் சொன்னார். மற்றவற்றைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அறுத்த முதல் துண்டு பட்டறையில், அரங்கள் வைக்கும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அரக் கீறல்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. பார்க்க விரும்புவோர் எந்த மாலையிலும் வரலாம். கண்ணைக் காக்கும் கண்ணாடிகள் நான்கு உபரியாக இருக்கின்றன, கையுறை மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும்.